பத்துக்கு எத்தனை

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது, இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையைத்தான் மறந்துவிடுகிறாள். நான் குடியை விட்டு இன்றோடு எழுபத்தொரு நாள். தார்ப்பாய்க் கடையை இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கே சாத்திவிடுகிறேன்.

மருத்துவமனையில் ஆலோசகர் அம்மா ஒரு தாள் கொடுத்தார், குடிக்காமல் இருக்க எனக்கு என்னென்ன பலம் இருக்கிறது, யார் யார் துணை என்று அளக்கிற தாளாம். உடம்பு, வீடு, வேலை, நட்பு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பத்து போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, தார்ப்பாய் விக்கிற மாதிரியே எழுதியிருக்கீங்களே ஐயா, ஓட்டை எங்கேன்னுதானே நான் கேட்டேன் என்றார். என்னைப் பற்றி எழுதச் சொல்லி அதே மாதிரி இன்னொரு தாளை உன் அம்மாவுக்கும் கொடுத்தனுப்பினார். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். நட்புக்கு ஒன்று. கடைத்தெரு முழுக்க எனக்குச் சிநேகிதம்தானே என்று சண்டைக்குப் போனேன், குடிக்காத ஆளா ரெண்டு பேர் சொல்லுங்க பாப்போம் என்றாள். மூட்டை தூக்குகிற அண்ணனைச் சொன்னேன், அடுத்த ஆள் வாயில் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு எட்டு போட்டிருந்தாள்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் அந்தக் கடைசிக் கேள்விதான். குடிக்கத் தோன்றும் நேரத்தில் பொய் சொல்லாமல் பேச ஓர் ஆள் உண்டா என்று கேட்டிருந்தது, அம்மா உன் பெயரை எழுதிவிட்டாள். உன்னைக் கேட்காமல் எழுதியது தப்பு என்று அவளிடம் சொன்னேன். குடித்துவிட்டு உன் அலுவலகத்துக்கு போன் போட்டு உன் மேலாளரிடம் உளறியவன் நான், அதற்குப் பிறகு நீ என் போனை எடுக்காதது நியாயம்தான். அதனால் நேராகவே கேட்கிறேன். கடையிலிருந்து வீட்டுக்குப் பதினொரு நிமிட நடை, நாலாவது நிமிடத்தில் மதுக்கடைத் திருப்பம், நீ இருக்கிற நாட்டில் அப்போது மதியச் சாப்பாட்டு இடைவேளை. அந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பாயா? புத்திமதி எதுவும் வேண்டாம், காலையில் என்ன சாப்பிட்டாய், பேருந்தில் இடம் கிடைத்ததா என்று எதையாவது சொல்லிக்கொண்டு வா, நான் தாண்டிவிடுவேன். முடியாது என்றால் அம்மாவிடம் சொல்லிவிடு, எனக்குக் கோபமில்லை. அந்தக் கட்டத்தில் உன் பெயரை அடித்துவிட்டுப் பின்தெரு வழியாகச் சுற்றி வருகிறேன், இருபத்தைந்து நிமிடம் ஆகும், ஆகட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீ நன்றாக இருக்க வேண்டும் மகளே. தாளை நான் திருப்பிக் கொடுக்க வேண்டியது வெள்ளிக்கிழமை, அதற்குள் உன் பதிலைச் சொல்ல மறந்துவிடாதே.

உன் நல்லதையே நினைக்கும்,
அப்பா