சோளக் கிடங்கு மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதை மறந்துவிடாதே.

நான் வேலை செய்யும் சோளக் கிடங்கைச் சுற்றித்தான் இந்தச் சின்ன ஊரே முளைத்தது. அதன் வாசலில் ஒரு பெரிய மணி தொங்குகிறது. செவ்வாயன்று, அடைத்துக்கொண்ட சோளத்தைக் கிளறிவிடக் குவியல்மேல் ஏறினேன். அது சரிந்து என்னை மார்பு வரை இழுத்துக்கொண்டது. மேஸ்திரி மணியடித்ததும் ஊரே ஓடி வந்தது. முடிவெட்டுகிறவர் வந்தார்; அவரிடம் பாதி சவரம் செய்துகொண்டவரும் நுரை முகத்தோடு வந்தார்! பலகை போட்டு, வாளி வாளியாகச் சோளத்தை அள்ளி, என்னை வெளியே எடுத்தார்கள்.

"முன்னாடி ஒருத்தர இங்கயே பறிகொடுத்தோம்," என்றார் முடிவெட்டுகிறவர். "வெளியூர்க்காரர். யாருக்குச் சொல்றதுன்னுகூடத் தெரியல. அப்புறம்தான் இந்த மணியக் கட்டினோம். ஆமா, உனக்கு ஒண்ணுன்னா யாருக்குப்பா சொல்லணும்?"

இங்கே வந்த ஆறு மாதத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. உன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

என் பழைய போர்வையை அனுப்பு. துவைக்காமல் அனுப்பினாலும் சரி. போனில் பேசும்போது வாசலில் நின்று பேசு, தெருச் சத்தமும் கேட்கட்டும்.

சோள லாரி வந்துவிட்டது, வேலைக்குப் போகவேண்டும். நேற்று கடைத்தெருவில் முடிவெட்டுகிறவர் என்னை நிறுத்தி, "அம்மாவுக்கு எழுதினியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்று இன்று சொல்லவேண்டும்.

உன் மகன்