மேட்டில் ஒரு நீச்சல்குளம்

ஜூன் 14, சனி

எங்கள் ஹோம்ஸ்டேயில் நீச்சல்குளம் வைக்க இடம் பார்க்க ஆள் வந்தார். குழி வேண்டாம், தரைமேலேயே நிற்கும் தொட்டிதான். விலை இரண்டு லட்சம். ஆனால் இந்த ஏலக்காய்த் தோட்டத்தில் சமதரை ஏது? மேட்டை வெட்டிக் கருங்கல் கட்டு கட்ட இன்னும் மூன்று லட்சமாம். என் வீட்டுக்காரர் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். "என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று நாள் முழுக்கச் சண்டை போட்டேன்.

சாயங்காலம் மழையோடு செல்வி அக்கா வந்தார். எங்கள் தோட்டத்தில் கூலிக்குக் காய் எடுக்கிறவர். வீடு அந்த மேட்டுக்கு நேர் கீழே.

"அம்புட்டுத் தண்ணியும் எம்புட்டு கனம் இருக்கும், தங்கச்சி?"

"இருபது டன்னாம்க்கா. கட்டு தாங்கும்னு சொல்றாங்க."

அக்கா சரி என்று தலையாட்டினார்.

"மழைக்கு மண்ணு சரியும்னு பிள்ளைக படுக்குற கட்டில மலைப்பக்கச் சுவர விட்டு இந்தப் பக்கம் இழுத்துப் போடுவோம்ல, மழை விட்டதும் திருப்பித் தள்ளிருவோம். இனி வருஷம் பூரா அங்கனயே கெடக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். காசு என் வீட்டுக்காரருடையது, கோபம் என்னுடையது, அவ்வளவுதான் விஷயம் என்றே இருந்திருக்கிறேன். மழை இன்னும் விடவில்லை. இவர் தூங்கிவிட்டார்.

அக்காவை நானும்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.