மாடிப்படித் தாளில் முப்பத்தெட்டு

பாளையங்கோட்டை,
ஆகஸ்ட் 9

அன்பு மகள் எப்சிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாயிருக்கக் காலை ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். போனில் நான் பாதி சொல்லும்போதே மீதியை நீ சொல்லிவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம் மாடிப்படியில் சறுக்கியதிலிருந்து, வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய். என்னைக் கேட்காமல் டிக்கெட்டும் போட்டுவிட்டாய். அங்கே எனக்கு முழுச் சுதந்திரம் உண்டு, எது வேண்டுமானாலும் உன்னிடம் கேட்டால் போதும் என்றாய். கேட்டு வாங்குவதற்குப் பெயர் அனுமதி என்று கான்வெண்டில் சிஸ்டர் எங்களுக்கு மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார். சுதந்திரம் என்றால் யாரும் தடுக்காமல் இருப்பது. தன்னாட்சி அதற்கும் மேலே. அப்பாவின் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தபோது நீ ஏழாம் வகுப்பு. இனிப் பரீட்சையும் அவர்கள் கையில்தான், எல்லாரையும் பாஸ் போட்டுவிடுவார்கள் என்று ஊரே சிரித்தது. அப்பா தாமே கேள்வித்தாள் தயாரித்து, தாமே திருத்தி, முதல் வருஷமே தங்கை மகனை ஃபெயிலாக்கினார். உன் அத்தை மூன்று கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக்கு வரவில்லை. அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆகவே நான் தனியாக இருக்கத் தகுதி உள்ளவள்தானா என்று எனக்கு நானே தேர்வு வைத்தேன். அடுப்படி, மாத்திரை, டவுண் பஸ், மாடிப்படி என்று நான்கு தாள், ஒவ்வொன்றிலும் நாற்பது எடுத்தால் தேர்ச்சி. வெளித்தேர்வாளராக அடுத்த வீட்டுக் குமரகுருபரனைக் கூப்பிட்டேன். தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர், நிதானமானவர். “கேள்வியும் நீங்க போட்டு மார்க்கும் நீங்க போட்டா எவன்க்கா நம்புவான்?” என்றார். நான் நம்பினால் போதும், நான் லேசில் நம்புகிறவள் இல்லை என்றேன். மறுநாள் தேய்த்த சட்டையும் சிவப்புப் பேனாவுமாக வந்தார். தேர்வாளர் காபி குடிக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன்.

அடுப்படியில் தொண்ணூற்றொன்று. சொதிக் குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டதற்கு ஒன்பது போயிற்று. டவுணுக்குப் பஸ்ஸில் போய் ரதவீதியில் ரவிக்கைத் துணி எடுத்துத் திரும்பினேன், எண்பது. கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்ததை வெளி உதவி என்று கருதி ஐந்து குறைத்தேன், எழுபத்தைந்து. மாத்திரைத் தாள் நடக்கும்போது, வேலைக்கு வரும் சாலோமி கதவோரம் நின்று எது இரவு மாத்திரை என்று கண்ணால் காட்டினாள். காப்பியடிக்க உதவியதற்காக வெளியே அனுப்பினேன். “நாளைக்குப் பாத்திரம் தேய்க்க வரலாமாம்மா, இல்ல அதுக்கும் டிபார் பண்ணிட்டியளா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தத் தாளை வேறு நாள் எழுதி எண்பத்தெட்டு வாங்கினேன்.

மாடிப்படி பதினான்கு படி. ஒன்பதாவதில் குமரகுருபரன் தோளைப் பிடித்துவிட்டேன். முப்பத்தெட்டு. “ரெண்டு மார்க்குதானக்கா, கிரேஸ் போட்டுருவோம். யாருக்குத் தெரியப் போவுது?” என்றார் மனிதர். நான் அவருடைய பேனாவை வாங்கி, முப்பத்தெட்டு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன்.

மேலே அப்பாவின் அறை இருப்பது உனக்குத் தெரியும். அவர் காலமானதிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் மேசையைத் துடைத்துவிட்டு, அங்கேயே வேதம் வாசித்துவிட்டுத்தான் இறங்குவேன். இனித் துணையில்லாமல் நான் மாடி ஏறக்கூடாது என்று உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த அறைச் சாவியைச் சாலோமியிடம் கொடுத்தேன். “நீங்க அதட்டிக் கேட்டா என்ன செய்ய?” என்றாள். அப்போதும் தராதே என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் அதட்டித்தான் கேட்டேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, “தரமாட்டேம்மா” என்றாள். நான் கீழ்ப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து இருவருக்கும் காபி போட்டேன்.

எனக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிடு. இது கேட்பது அல்ல, அறிவிப்பது. என்னைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா, கூட்டிப்போக வராதே. வந்தால் என்னோடு மாடிக்கு ஏறு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பிள்ளைக்கு என் முத்தம். மதிப்பெண் பட்டியல் இணைத்திருக்கிறேன். அசல் அதுதான், தொலைத்துவிடாதே.

உன் அம்மா,
ஃபெபி தேவதாசன்
(ஒரு தாளில் தோல்வி)