இரண்டாகப் பிரித்த டிராக்டர்

என் மகனுக்கு,

பழைய இரும்பு வாங்குபவனை சனிக்கிழமை அனுப்புவதாக எழுதியிருந்தாய். அனுப்பாதே. டிராக்டரை நானே இரண்டாகப் பிரித்து, கிளட்ச் தகட்டை மாற்றிவிட்டேன்.

உன் அப்பாவை அடக்கம் செய்து மூன்று வருடமாகிறது. பிரிக்கும்போது அவர் மேல் சாய்ந்த டிராக்டரை ஊரார் தூக்கி நிறுத்தி போல்ட் முறுக்கியதோடு சரி. பிறகு யாரும் தொடவில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க அவருடைய ரிப்பேர் புத்தகத்தை வரி விடாமல் படித்தேன்.

பக்கத்து வீட்டு வெலிமிர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அக்கா, முட்டைக்கோஸ் நறுக்குற கத்தியால இதைப் பிரிக்க முடியாது!"

"சிரிச்சது போதும். உள்ள வந்து ஜாக்கைப் பிடி."

எஞ்சின் பக்கவாட்டில் சாயாதபடி, முன் அச்சின் இருபுறமும் மர ஆப்புகளை இறுக அடித்தேன்.

"இத்தனை எதுக்குக்கா?" என்றான்.

உன் அப்பா அன்றைக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை. அவனுக்கும் அது ஞாபகம் வந்திருக்கும். அவனே தொப்பியைக் கழற்றிவிட்டு அடுத்த ஆப்பை எடுத்துக் கொடுத்தான்.

பின்பாதியைத் தடித்த கட்டைகளில் நிறுத்தி, முன்பாதியை அங்குலம் அங்குலமாக முன்னால் உருட்டிப் பிரித்தோம். ஒருவர் காலும் அதன் அடியில் போகவில்லை.

நோவி சாத் நகரத்துக்கு வந்து உன் அடுக்குமாடி வீட்டில் இருக்கச் சொல்கிறாய். வரமாட்டேன். நேற்று மேட்டு வயலை உழுதேன். நடுவில் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் அழுதேன். பிறகு கியரைப் போட்டு மிச்சத்தையும் உழுது முடித்தேன்.

பிடிவாதம் குறையாத,
உன் அம்மா