சிமெண்டு போட்டு நட்ட டிஷ்

ஆடி 14, செவ்வாய்.

இன்று வீட்டுக்கு டிஷ் வந்தது. நான் கேட்கவில்லை. சென்னையிலிருந்து மகன் பணம் கட்டி, சின்னசேலத்து ஆளை அனுப்பியிருக்கிறான். ஆவணியில் நான் அங்கே போய்ப் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிடுவதாகத்தான் பேச்சு. பிறகு இங்கே எதற்கு டிஷ்?

"மாடியில கல்லை வெச்சு நிறுத்துப்பா. போறப்ப கழட்டி எடுத்துக்கினு போலாம்" என்றேன்.

"இல்ல ஆயா, சிமெண்டு போட்டே நட்டுடச் சொன்னாரு உம் புள்ள. ஒரு வருஷத்துக்கும் கட்டிட்டாரு. நீ இன்னாத்துக்கு எங்கயும் போற? வூட்ல குந்திக்கினு சீரியல் பாரு" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷமா?

சாயந்திரம் மகன் போன் செய்தான். "படம் தெளிவா வருதாம்மா?"

"வருது" என்றேன்.

அவன் பக்கத்திலிருந்து மருமகள் ஏதோ மெதுவாகச் சொல்வது போனில் கேட்டது. ஆவணிப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. நானாகக் கேட்க மாட்டேன். கேட்டு வாங்கிப் போகிற இடம் எனக்கு வேண்டாம்.

சிமெண்டு இறுகுவதற்கு மூன்று நாள் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனான் அந்த ஆள். இன்று நான் ஊற்றவில்லை. நாளைக்கும் ஊற்றப் போவதில்லை.