நாற்காலிக்கு மட்டும் கேட்கும் ஸ்பீக்கர்

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் டிவி விவகாரம். மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். "அத்தை, நீங்க பாக்குற செய்திய என் ஆபீஸே கேக்குது" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னதுதான் அதிக எரிச்சல். மகன் இருபத்தொன்றாம் தேதிக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான். என்னைக் கேட்காமல்! முப்பத்தொரு வருடம் டெலிபோன் ஆபரேட்டராகக் காதை வைத்தே பிழைத்தவள் நான். 'ஹலோ' என்றதுமே ஆளைச் சொல்வேன்.

காது மெஷின் மாட்டிக்கொள்ள மாட்டேன். சத்தம் என் நாற்காலிக்கு மட்டும் வந்தால் போதாதா? அப்படியும் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. நானே செய்கிறேன். இருபத்தொன்றுக்குள் அது வேலை செய்துவிட்டால் டாக்டர் கிடையாது. மகன் ஒத்துக்கொண்டான், என்னால் முடியாது என்ற தைரியத்தில்.

மார்ச் 8

சாமான் வந்துவிட்டது. சட்டைப் பொத்தான் அளவில் ஐம்பது வில்லைகள். காதுக்கு எட்டாத ஒலியை இவை டார்ச் வெளிச்சம் போல நேராக வீசும். பேச்சை அதன்மேல் ஏற்றிவிட்டால், அந்த வழியில் இருப்பவருக்கு மட்டும் கேட்குமாம். பத்துக்கு ஐந்தாகப் பலகையில் அடுக்கினேன். எல்லா வில்லையிலும் அச்சடித்திருக்கும் எழுத்து ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது. கான்வென்ட் சிஸ்டர் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

மார்ச் 11

ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 12

ஈயம் வைக்கும்போது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன். கேட்கவில்லை.

மார்ச் 14

எழுத்தைப் பார்த்து அடுக்கினேனே, வில்லையின் இரண்டு கம்பிக் காலில் பிளஸ் எது என்று பார்த்தேனா? ஒவ்வொன்றாகச் சோதித்தால், இருபத்திரண்டு தலைகீழ். பாதி தள்ள, பாதி இழுக்க, ஒன்றை ஒன்று அமுக்கிப் போட்டிருக்கின்றன. அழகு பார்த்த லட்சணம்!

"விட்டுடும்மா, டாக்டர் ஒண்ணும் கடிச்சிட மாட்டாரு" என்றான் மகன்.

"உன் வேலையப் பாரு" என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

இருபத்திரண்டையும் கழற்றித் திருப்பி ஈயம் வைத்தாயிற்று. கேட்கவில்லை. மீட்டர் எல்லாம் சரி என்கிறது. மீட்டரே கோளாறோ? இன்னும் என்னதான் வேண்டும் இந்தச் சனியனுக்கு?

மார்ச் 20

பலகையை நாற்காலிப் பக்கம் திருப்பி, செய்தியை அதில் மட்டும் ஓடவிட்டு, வயர் வயராக அசைத்துக்கொண்டிருந்தேன். காபியோடு குறுக்கே போன மருமகள் நாற்காலி அருகே சட்டென்று நின்றாள்.

"அய்யோ அத்தை! யாரோ காதுக்குள்ள வந்து பேசுறாங்க!" ஓரடி தள்ளி நின்றாள். "இங்க இல்ல." திரும்ப வந்தாள். "இங்க இருக்கு! ஏதோ பாலம் திறந்தாங்களாம். குரல் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு, ஆனா வார்த்தைக்கு வார்த்தை தெளிவு. ஜெயிச்சிட்டீங்க! உக்காருங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஃபேன் சுற்றுவது கேட்டது. அது மட்டும்தான்.

அப்படியானால் செவ்வாய்க்கிழமையிலிருந்தே இது பேசிக்கொண்டுதான் இருந்ததா?

"நல்லா இருக்கா அத்தை?"

தலையாட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 21

டாக்டரிடம் வரவில்லை என்று சொல்ல மகன் போனை எடுத்தான். வேண்டாம் என்றேன்.

"ஏம்மா, நீதானே ஜெயிச்ச?"

"வாங்கின நேரத்த வீணாக்கக் கூடாது."

மருமகள் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

பலகையைத் துடைத்து வைத்துவிட்டேன். அதில் இனித் திருத்துவதற்கு எதுவும் இல்லை.