இடப்பக்கமே ஒதுங்கும் கார்

ஏங்க,

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். இன்று காரில் மலை இறங்க வேண்டாம், போளூருக்குப் பஸ்ஸிலேயே போங்கள்.

நேற்று நான் ஓட்டும்போது வண்டி இடப்பக்கமே போனதற்கு, "இன்னாத்துக்கு வண்டி மேல பழி போடற? உன் கைதான் இழுக்குது" என்றீர்கள். காரணம் தெரியாமல் எனக்கு மனசு அடங்கவில்லை.

விடிந்ததும் ஏரிக்கரைச் சமதளத்தில் மெதுவாக ஓட்டி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தேன். அப்போதும் இடப்பக்கம்தான் ஒதுங்கியது. முன்சக்கரம் இரண்டிலும் காற்று சரியாக இருந்தது. இறங்கித் தொட்டுப் பார்த்தேன். வலது சக்கரம் லேசான வெதுவெதுப்பு, இடது சக்கரமோ கையைச் சுட்டுவிட்டது. மிதிக்காதபோதும் அந்தப் பக்கத்துப் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

மெக்கானிக் சடையனிடம் சொன்னேன். "அதாம்மா கோளாறு. நான் வர்ற வரைக்கும் யாரும் வண்டிய எடுக்க வாணாம்" என்றார். சாவி அவரிடம் இருக்கிறது, தேடாதீர்கள்.

அம்மாக்கண்ணு

பி.கு.: கோபம் இன்னும் போகவில்லை. அந்தப் பிரேக்கோடு நீங்கள் வளைவுகளில் இறங்குவதை நினைத்தால் அதைவிடப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. சடையன் வந்து சரிசெய்ததும், சாயங்காலம் நான்தான் ஓட்டுவேன். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து வாருங்கள்.